கறுப்பு பியரும் கிளாஸ்கோ தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

லண்டனில் இருந்தவரை வீட்டிலேயே ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் காய்ச்சி நண்பர்களுக்குக் கொடுப்பேன், எல்லோருக்கும் பிடிக்கும். வேலை மாறி கிளாஸ்கோ வந்த பிறகு அதே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), அதே ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), அதே ஈஸ்ட், அதே அளவு. ஆனால் பியர் புளிப்பும் கருகலுமாகத் தொண்டையைக் காறுகிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கிளாஸ்கோ

நீங்கள் சொன்ன பட்டியலில் தண்ணீர் மட்டும் இல்லை. மாறியதும் அதுதான். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியுமே, அது. கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லாக் கேட்ரின் ஏரியிலிருந்து வருவதோ கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் போல மென்மையானது. ஸ்டவுட்டுக்குக் கறுப்பு நிறம் தரும் கறுக வறுத்த பார்லிக்கு இயல்பிலேயே அமிலத்தன்மை உண்டு. லண்டன் தண்ணீர் அந்த அமிலத்தை ஈடுகட்டிவிடும், உங்கள் ஊர்த் தண்ணீரால் முடியாது, அதனால் தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் ஊறலில் புளிப்பு ஏறி, வறுத்த ருசி சாம்பல் ருசியாக நாக்கில் நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் போர்ட்டர் என்ற கறுப்பு பியருக்குப் பேர்போன ஊரானதில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு.

சரி செய்ய இரண்டு வழி. ஒன்று, ஊறல் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடா. 20 லிட்டர் பியருக்கு 2 கிராமில் தொடங்கி, புளிப்பை அளக்கும் பிஎச் 5.4ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும், கூடிப்போனால் உப்புக் கரிக்கும். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. வெளிர் மால்ட்டையும் பார்லி அவலையும் மட்டும் 66, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், வறுத்த பார்லியைக் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சேருங்கள். நிறம் முழுசாக இறங்கும், காறல் இறங்காது. அப்புறம் அளவு: 4 கிலோ வெளிர் மால்ட்டும் அரைக் கிலோ அவலும் போட்டால் வறுத்த பார்லி 400 கிராம் தாராளம். கறுப்பு போதவில்லை என்று கண்ணுக்காக இன்னொரு கை அள்ளிப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும், தயவுசெய்து போடாதீர்கள்.

கறுப்பு பியர்தான் போதை அதிகம், ஆனால் ரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்கிறார் என் மாமியார். உண்மையா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. கின்னஸ் டிராட் 4.2 சதவீதம்தான். பெல்ஜியத்து டுவெல் பொன்னிறத்தில் பளபளக்கும், அது 8.5. கறுப்பு வருவது கறுக வறுத்த கொஞ்சம் தானியத்திலிருந்து. 1817இல் டேனியல் வீலர் என்பவர் தானியத்தைச் சுழலும் உருளையில் கறுக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், அதன் பிறகு பெரும்பங்கு வெளிர் மால்ட்டையே போட்டு, கறுப்பு மால்ட்டைச் சிறிதளவு சேர்த்து நிறம் கொண்டுவர முடிந்தது. போதையைத் தீர்மானிப்பது எவ்வளவு சர்க்கரையை ஈஸ்ட் தின்றது என்பது, வறுவல் அல்ல.

இரும்புச்சத்து விஷயத்தில் மாமியார் சொல்வது அங்கே பல வீடுகளில் உள்ள நம்பிக்கை, அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். ஆனால் ஸ்டவுட்டில் இரும்பு மிகக் கொஞ்சம், ஆல்கஹாலோ தாய்ப்பாலில் கலக்கும். பால் கொடுக்கும்போது வேண்டாம். முருங்கைக்கீரை சமைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், அத்தை சந்தோஷமாகச் செய்வார்.

கோயம்புத்தூரில் வீட்டில் சின்னதாகக் காய்ச்சிப் பார்க்கலாமா? யூடியூபில் பார்த்து ஆசை வந்துவிட்டது.
– ஒரு வாசகர், கோவை

கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அளவு சின்னது என்பது பதிலாகாது. பிரிட்டனில் 1963இலேயே உரிமத் தேவையை நீக்கிவிட்டார்கள், அதனால்தான் கிளாஸ்கோ வாசகரால் காய்ச்ச முடிகிறது, அவரும் விற்கக் கூடாது.

ஐயா, ஊரில், இலங்கையில், லயன் ஸ்டவுட் குடித்தவன் நான். இப்போது நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வீட்டில் காய்ச்சியதும் கடையில் வாங்கியதுமாக வைத்து ருசி பார்க்கிறோம். முறையாகச் செய்வது எப்படி?
– ஒரு வாசகர், டொரோண்டோ

முதலில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியே வையுங்கள். பல்லைக் கூச வைக்கும் குளிரில் காபி வாசமும் சாக்லேட் வாசமும் வெளியே வராது, 10 முதல் 13 டிகிரி நன்றாக இருக்கும். கிளாசில் பாத்திரம் கழுவும் சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் நுரை நிற்காது, நன்றாக அலசுங்கள். லேசானதில் தொடங்குங்கள், 8.8 சதவீதம் உள்ள லயனைக் கடைசியில் வையுங்கள், முதலில் அதைக் குடித்தால் மற்றதெல்லாம் தண்ணீராகத் தெரியும். கால் கிளாஸ் போதும், நாலு பேரில் யாராவது வண்டி ஓட்டுவதானால் அவருக்கு அதுவும் வேண்டாம்.

ஒவ்வொருவரும் வாய் திறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். ஒருவர் "புகை வாசம்" என்று சொன்னதும் மற்ற மூவருக்கும் புகை அடிக்கும்! நல்ல ருசிகளை விட்டுத்தள்ளுங்கள், உங்கள் சொந்த பியரில் குறைகளைத் தேடுங்கள், அடுத்த முறை காய்ச்சுவதற்கு அதுதான் உதவும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் பாட்டிலில் அடைக்கும்போது காற்று கலந்திருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் அவசரப்பட்டு அடைத்திருக்கிறீர்கள். வெண்ணெய் வாசம் வந்தால் பெரும்பாலும் அதே அவசரம்தான், கூட இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்திருக்கும்.