யாக்-52: பதிவும் சான்றும்

லிதுவேனியப் பதிவிலுள்ள யாக்-52 பயிற்சி விமானத்தை அமெரிக்காவில் பதிந்து, கட்டணத்துக்கு ஆள் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டணம் என்ற பேச்சே வேண்டாம். இதற்குக் கிடைப்பது ‘எக்ஸ்பெரிமென்டல்’ (பரிசோதனை) பிரிவில், கண்காட்சிக்கான பறப்புத் தகுதிச் சான்று. அதில் வாடகைப் பறப்புக்கு இடமில்லை.

முதலில் பழைய நாட்டுப் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்றை வாங்குங்கள். அது இல்லாமல் 8050-1 என்ற பதிவு விண்ணப்பப் படிவம் நகராது. பிறகு பறப்புத் தகுதிச் சான்றுக்கான 8130-6 விண்ணப்பத்துடன் திட்டக் கடிதம்: எந்தக் கண்காட்சிகள், எங்கே பயிற்சிப் பறப்பு என்று தெளிவாக எழுதுங்கள். ‘சொந்தப் பயணத்துக்கு’ என்று எழுதினால் கண்காட்சி நோக்கமே அடிபட்டுப்போகும். காக்பிட் வாசலருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற எழுத்து 2 முதல் 6 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். சின்ன விஷயம்தான், பலர் மறப்பதும் இதைத்தான்.

ஆண்டுச் சோதனைக்கு ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக் போதும். பராமரிப்புப் பதிவேட்டில் எழுதும் வாசகத்தை மட்டும், சான்றோடு வரும் இயக்க வரம்புகள் ஆவணத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

காகிதத்தைவிட என் கவலை இதன் எம்-14பி எஞ்சின்தான்; சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் வகை. நின்றிருக்கும்போது கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் இக்னிஷன் அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் சுற்றுங்கள். சுற்றாமல் தடுத்து நின்றால் பின்னோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் ஆயில் இன்டேக் (காற்று உள்ளிழுக்கும்) குழாய்க்குள் போய், ஸ்டார்ட்டானதும் திரும்ப சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டு, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதற்குப் பதிலாக, கீழ் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஆயிலை வடியுங்கள்.