தோற்ற வேட்பாளரும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டுமா?

கேள்வி: கடந்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தேன். மொத்தச் செலவு மூன்று லட்சம்கூட வராது. உச்சவரம்பையே 40 லட்சமாக உயர்த்திவிட்டார்கள், தோற்றவனிடம் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது தேர்தல் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. இனி தேர்தலில் நிற்கவே முடியாதா? மைக் செட், வேன் வாடகை எல்லாம் ரொக்கமாகக் கொடுத்தது வேறு பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 20 நாட்களுக்குள் ஆணையத்துக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் போக வேண்டும். அதே நேரத்தில் விளக்கத்தின் நகலையும் முழுச் செலவுக் கணக்கையும் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். மாவட்டங்களில் அது கலெக்டர். சென்னையில் மாநகராட்சி ஆணையர். நோட்டீஸ் வந்த கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

உச்சவரம்பு மாறிக்கொண்டேதான் இருக்கும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கு 28 லட்சமாக இருந்தது, கொரோனாவை ஒட்டி 2020 அக்டோபரில் 30.8 லட்சமானது, 2022 ஜனவரியில் 40 லட்சம். பேப்பரில் பெரிதாக வருவது இதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78வது பிரிவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் போட்டியிட்ட ஒவ்வொருவரும் கணக்குத் தர வேண்டும் என்கிறது அது. ஜெயித்தவர், தோற்றவர், டெபாசிட் போனவர் என்ற பேதமே அதில் கிடையாது. கோடிகளில் புழங்குபவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். மாட்டிக்கொள்வது உங்களைப் போன்றவர்கள்தான்.

தகுந்த காரணம் இல்லாமல் கணக்குத் தராவிட்டால், 10ஏ பிரிவின்படி ஆணையம் உத்தரவிடும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல்களில் நிற்க முடியாது. ஓட்டுரிமை போகாது. உத்தரவு வந்த பிறகும் அதை நீக்கவோ காலத்தைக் குறைக்கவோ 11வது பிரிவில் ஆணையத்திடம் கேட்கலாம். ஆனால் அதுவரை போக விடாதீர்கள். அந்த 30 நாட்களில் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், வீட்டில் துக்கம் நடந்தது என்றால் ஆவணத்தோடு எழுதுங்கள். 'விதி தெரியாது' என்பது எடுபடாது. வேட்புமனு கொடுத்தபோதே வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் தாள்களோடு ஒரு பதிவேட்டைக் கையில் கொடுத்திருப்பார்களே, அது இதற்குத்தான். வெள்ளையில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கிக் கணக்கு.

ரொக்கத்துக்கு வருவோம். ஒரே நபருக்கோ நிறுவனத்துக்கோ 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. முன்பு அது 20,000. செலவு உச்சவரம்பு ஏறியது எல்லோருக்கும் தெரியும், இந்த ரொக்க வரம்பு இறங்கியது பலருக்குத் தெரியாது. அதற்காக வேன்காரரிடம் போய் ஒரே வாடகையை 9,500, 9,500 என்று உடைத்து ரசீது வாங்காதீர்கள். உங்கள் பிரசாரத்தில் கண்ட செலவுகளைக் குறிக்க அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருப்பார்கள். காட்டிய கணக்கு உண்மையா என்று ஆணையம் ஆராயலாம் என்பதை மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் 2014லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி, ரொக்கமாகக் கொடுக்க நேர்ந்த காரணத்தை விளக்கத்தில் தனிப் பத்தியாகச் சேருங்கள். உச்சவரம்பைத் தாண்டாததால் ஊழல் நடவடிக்கை என்ற குற்றச்சாட்டு இந்தச் செலவில் எழாது.

பதிவேடு, ரசீதுகள், தேர்தலுக்கென்று தொடங்கிய வங்கிக் கணக்கின் அறிக்கை, பிரமாணப் பத்திரம் நான்கையும் சேர்த்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.