கச்சானும் கொம்பிரசரும்

அன்பின் ஐயா,

மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் ஏசி பொருத்தும் ஒருவரிடம் வேலை பழகுகிறேன். "கேஸ் விரிஞ்சா குளிரும், அவ்வளவுதான் ஏசி" என்பது எங்கள் பாஸின் விளக்கம். உயர்தரத்தில் படித்தபோது மலையேறும் காற்றும் விரிந்துதான் குளிர்கிறது என்றார்கள். இரண்டும் ஒன்றா? ஒன்றென்றால் எனக்கு ஒரு குழப்பம். ஏறும்போது குளிர்ந்த காற்று இறங்கும்போது அதேயளவு சூடாகிப் பழைய நிலைக்குத்தானே வரவேண்டும்? மேற்குக் கரையில் 28 பாகையில் புறப்பட்ட காற்று, மலையைத் தாண்டிக் கச்சான் என்ற வறண்ட மேல்காற்றாக எங்களிடம் வரும்போது ஏன் கொதிக்கிறது? அம்மாவின் அறைக்கு ஏசி பூட்ட வசதியில்லை, தண்ணீர் ஊற்றும் கூலர் ஒன்று வாங்கலாமா? வெளி யுனிட்டுக்குத் தண்ணீர் அடித்தால் நல்லதா என்று வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

பாஸ் சொன்னதை வைத்துக்கொண்டு ஏசி திருத்தலாம். கச்சானை விளங்கிக்கொள்ள அது போதாது.

மலையேறும் காற்றுக்கு மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. அது விரிகிறது. விரியும்போது சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளவேண்டும், அந்த வேலைக்குத் தன் சொந்தச் சக்தியைச் செலவழிக்கிறது. வெளியே யாருக்கும் வெப்பம் கொடுக்காமலே குளிர்ந்துவிடுகிறது. மேகம் கட்டாத காற்று 1000 மீற்றர் ஏறினால் 9.8 பாகை இறங்கும். அடியபாட்டிக் குளிர்ச்சி என்பது இதுதான்.

ஏசியின் கெபிலரிக் குழாயில் நடப்பது வேறு. அங்கே கேஸ் யாரையும் தள்ளி வேலை செய்வதில்லை, ஒடுங்கிய வழியால் நெருக்கப்பட்டு வெளியே வருகிறது, அவ்வளவுதான். அந்தக் குழாய்க்குள் வெறும் காற்றை அனுப்பிப் பார்த்தால் குளிர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. உள்ளே போவது கேஸே அல்ல, திரவம் என்பதுதான் விசயம். அழுத்தம் சட்டென்று விழுந்ததும் அதில் ஒரு பங்கு கொதித்து ஆவியாகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தை மிச்சத் திரவத்திடமிருந்தே எடுக்கிறது. மீதித் திரவம் உள் யுனிட்டின் சுருளுக்குள் போய் அறையின் வெப்பத்தில் கொதிக்கிறது. ஏசிக்குள் ஓடும் ஆர் 32 என்ற திரவம் சாதாரணக் காற்றழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே 52 பாகையிலேயே கொதித்துவிடும். சுருளுக்குள் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, அதை 5 முதல் 10 பாகைக்குள் கொதிக்க விடுகிறார்கள். உங்கள் அறையைக் குளிர்விப்பது அந்தக் கொதிப்பு.

மலைக்குச் சொந்தமான ஒரு பாகம் ஏசியில் இல்லாமலில்லை. அது கேஸை அமுக்கும் கொம்பிரசர். அங்கே கேஸ் மீது உண்மையாகவே வேலை செய்யப்படுகிறது, வெப்பம் வெளியேற அவகாசம் கிடைக்குமுன் அது நெருங்கிச் சூடேறுகிறது. வெளியே வரும் குழாயில் கை வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பீர்கள். பீதுருதாலகாலைப் பக்கத்திலிருந்து மட்டக்களப்புச் சமவெளிக்கு இறங்கும் காற்றுக்கும் அதுவே நடக்கிறது.

மலையேறும் காற்றைப்போல வேலை செய்து குளிரும் இயந்திரம் வேண்டுமென்றால் விமானத்தில் இருக்கிறது. எஞ்சினில் அமுக்கிய காற்றை ஒரு சுழலிக்குள் விரியவிட்டுத்தான் பயணிகளுக்குக் குளிர் காற்று கொடுக்கிறார்கள். ஜோன் கோரி என்ற புளோரிடா வைத்தியர் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க நினைத்து, அமுக்கிய காற்றை விரியவிட்டே ஐஸ் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, 1851இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். காசு பார்க்காமலே செத்துப்போனார். வீட்டு ஏசி அந்த வழியால் போகவில்லை. கொதிக்கும் திரவம் அதைவிட மலிவாக வேலையை முடித்துவிடுகிறது.

இப்போது உங்கள் நல்ல கேள்விக்கு வருவோம். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 28 பாகையில் புறப்படும் ஈரக்காற்று கிட்டத்தட்ட 600 மீற்றரில் மேகம் கட்டுகிறது என்று வையுங்கள். அதுவரை 6 பாகை இறங்கி 22 ஆகிவிட்டது. அதற்கு மேலே நீராவி துளியாகிறது. துளியாகும்போது, கடலில் ஆவியானபோது எடுத்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே காற்று முன்னைப்போல வேகமாகக் குளிராது, 1000 மீற்றருக்கு 4.5 பாகை அளவில்தான். 2000 மீற்றர் உச்சிக்கு வரும்போது 16 பாகை. நுவரெலியாவில் ஸ்வெட்டர் போடவைக்கும் காற்று இது.

துளிகள் மழையாக மேற்குச் சரிவில் வட்டவளையிலும் ஹட்டனிலும் விழுந்துவிட்டன. வெப்பம் காற்றிலேயே நிற்கிறது. கிழக்கே வெலிமடைப் பக்கம் இறங்கும்போது திரும்ப ஆவியாக்கி அந்த வெப்பத்தைச் செலவழிக்கத் துளி இல்லை. ஆகவே இறங்கும் 2000 மீற்றரும் முழு வேகத்தில், 9.8 பாகைப்படி சூடாகிறது. 16உடன் ஏறத்தாழ 20ஐக் கூட்டுங்கள். பதுளை வீதியால் உங்கள் ஊருக்கு வந்து சேரும்போது 36. மேலே பெய்த மழையை மலைநாட்டார் வைத்துக்கொண்டார்கள், அது விட்டுப்போன சூடு நமக்கு. இதே கணக்கை ஈரத்துக்கும் போட்டால், உச்சியில் ஈரம் நிரம்பியிருந்த காற்று கீழே 40 சதவீத ஈரப்பதனுக்கு வந்துவிடும். உதடு வெடிப்பது அதனால்.

உண்மை மலையில் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஒரு பங்கு காற்று மலையேறாமல் சுற்றிப்போகும், மேலேயிருந்து வேறு காற்று இறங்கும், மேகமில்லாத வானத்து வெயிலும் காய்ந்த வயலும் தங்கள் பங்கைச் சேர்க்கும். ஆனாலும் கச்சான் பலத்து வீசும் நாளில் கடற்காற்றால் கல்லடிக் கரையைத் தாண்டி உள்ளே வர முடிவதில்லை. இந்தக் காற்றின் கச்சான் என்ற நம் பெயரே உலக வானிலை அகராதிகளில் ஏறியிருக்கிறது; அங்கே உதாரணமாகச் சொல்லப்படும் ஊரும் மட்டக்களப்புத்தான்.

கூலருக்கு இந்த 40 சதவீதம்தான் கைகொடுக்கும். அது நனைந்த மெத்தை வழியாகக் காற்றை இழுத்து, காற்றின் வெப்பத்தாலேயே தண்ணீரை ஆவியாக்குகிறது. கச்சான் நாளில் 36 பாகைக் காற்று கொள்கையளவில் ஏறத்தாழ 25 வரை இறங்கலாம். கடையில் கிடைக்கும் மெத்தையில் 28 வந்தால் சந்தோசப்படுங்கள். யன்னலைத் திறந்துவைக்கவேண்டும். அடைத்துவைத்தால் ஈரம் சேர்ந்து அரை மணித்தியாலத்தில் புழுங்கத் தொடங்கும். மாரியில் 27 பாகை, 90 சதவீத ஈரம் இருக்கும்போது அது ஒன்றரைப் பாகைதான் இறக்கும், சுவரில் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். கடற்காற்று வீசும் நாட்களிலும் பெரிதாகப் பயன் இராது. ஆனி முதல் ஆவணி வரை வரும் சில கிழமைகளுக்காக அவ்வளவு காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மாவின் அறைக்கு மேற்கு யன்னல் இருந்தால் நனைத்த பருத்திச் சேலையொன்றைக் கட்டிவிடுங்கள். கூலர் செய்வதும் அதையேதான், காற்றை இழுக்கும் வேலையைக் கச்சான் இனாமாகச் செய்துவிடும்.

வெளி யுனிட்டுக்குத் தண்ணீர் தெளித்தால் கச்சான் காலத்தில் கரண்ட் மிச்சமாகும் என்பது உண்மை. பெரிய கட்டடங்களில் அதற்கென்றே ஏற்பாடு வைக்கிறார்கள். ஆனால் நம் கரையோரக் கிணற்று நீரை அடித்தால் அலுமினியத் தகடுகளில் உப்புப் படிந்து, மிச்சம்பிடித்ததைவிடக் கூடுதலாகத் திருத்தச் செலவாகும். வாடிக்கையாளர் கேட்டால், பின்னேர வெயில் படாத சுவரில் பூட்டச் சொல்லுங்கள். முன்னால் நான்கைந்து அடியாவது வெளியாக இருக்கட்டும். விசிறி தள்ளும் சூட்டைக் கச்சான் எதிர்த்துத் தள்ளாதபடி மேற்குப் பார்க்காமல் வையுங்கள்.