கொழும்பில் இனப் பாகுபாடு: எங்கே முறையிடுவது?

பொலிஸ் நிலையம், அரச அலுவலகம், வாடகை வீடு என்று பல இடங்களில் தமிழ் பேசுவோர் சந்திக்கும் பாகுபாடு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அடிப்படை உரிமை வழக்குகளை நடத்திவரும் சட்டத்தரணி ஒருவர் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தை வாசகி: ஐயா, பொலிஸில் என் மகனின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டார்கள். தமிழில் எழுதக் கேட்டதற்கு ஏசினார்களாம். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மூன்று வாரமாகிவிட்டது. இனி என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை. எத்தனையோ நல்ல வழக்குகள் இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டதால் செத்துப் போயிருக்கின்றன.

நாளைக்கே பம்பலப்பிட்டியில் ஆர். ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். நாள், நேரம், பொலிஸ் நிலையம், எழுதியவரின் பெயர் அல்லது இலக்கம், மகன் தமிழில் கேட்டபோது சொல்லப்பட்ட வார்த்தை, கூட இருந்தவர் யார் என்ற விவரங்கள் போதும். நாட்டின் வரலாறு வேண்டாம். பிரதியொன்றில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் முறையிட்டதற்கான துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே விசாரணைக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். கட்ட வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்: அரச அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் சிங்களத்தில் மட்டும். கேட்டால் "ஆள் இல்லை" என்கிறார்கள்.

பதில்: ஆள் இல்லாதது அவர்கள் பிரச்சினை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 22ஆவது உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அந்தக் கடிதத்தையே இணைத்து அனுப்புங்கள். வேண்டுமென்றே இந்தக் கடமையைச் செய்யாத அலுவலர் குற்றவாளி என்றுகூட அந்தச் சட்டம் சொல்கிறது. தண்டிக்கும் பிரிவு இருந்தும் மொழிபெயர்ப்பாளர் பதவிகளை நிரப்பாமல் வைத்திருப்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

தெஹிவளை வாசகர்: வாடகை வீடு பார்க்கப் போனேன். பெயரைச் சொன்னதும் "தமிழருக்குக் கொடுப்பதில்லை" என்றார் வீட்டுக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, உண்மையைச் சொல்வதானால் இன்றைய சட்டத்தில் உங்களுக்கு நேரான வழி இல்லை. இனம், மதம், மொழி, சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 12ஆவது உறுப்புரை சொன்னாலும், 126இன் கீழ் நீதிமன்றம் ஏறுவதற்கு அது அரசின் நிர்வாகச் செயலாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரும் தனியார் கம்பனி முதலாளியும் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

தனியார் விஷயத்தில் சட்டம் தலையிட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதியைக் காட்டிக் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. சாதிக்குச் செய்ததை இனத்துக்கும் மதத்துக்கும் செய்யலாம். வேலை, வாடகை, பாடசாலை அனுமதி மூன்றையும் உள்ளடக்கிய சமத்துவச் சட்டம் ஒன்று வேண்டும். இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச சமவாயத்தில் இலங்கை 1982இலேயே இணைந்துவிட்டது. தனியாரின் பாகுபாட்டையும் தடுக்கும்படி அது அரசைக் கேட்கிறது.

மருதானை வாசகி: வெறுப்புப் பேச்சுக்குத்தான் சட்டம் இருக்கிறதே?

பதில்: இருக்கிறது, தங்கச்சி. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பேரில் வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். பத்து ஆண்டுவரை சிறை. அது இருந்தும் 2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஆனால் அதே சட்டத்தின் பேரில் 2019இல் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஒருவரும், 2020இல் வெறுப்பைப் பேனாவால் எதிர்ப்போம் என்று முகநூலில் எழுதிய முஸ்லிம் ஒருவரும் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார்கள். பிணை பெறவும் அவர்கள் மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. கடுமையான சட்டம் பொலிஸின் விருப்பத்தில் விடப்பட்டால் யார்மீது விழும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: ஆணைக்குழுக்களால் சிபாரிசு மட்டும்தானே செய்ய முடியும்? எப்படிப் பலப்படுத்துவது?

பதில்: முதல் வேலை நியமனம். 2006இல், ஆணைக்குழு உறுப்பினர்களைச் சிபாரிசு செய்ய வேண்டிய அரசியலமைப்புப் பேரவையைத் தாண்டி ஜனாதிபதியே உறுப்பினர்களை நியமித்தார். மறு ஆண்டே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சர்வதேசத் தரம் 'ஏ'யிலிருந்து 'பி'க்கு இறங்கியது. மறுபடி 'ஏ' கிடைத்தது 2018இல்தான். 18ஆவது திருத்தம் பேரவையைக் கலைத்தது, 19ஆவது மீட்டது, 20ஆவது மறுபடி பறித்தது, 2022இல் 21ஆவது மீண்டும் தந்தது. இப்படிப் பந்தாடப்படும் நிறுவனத்தில் எந்த விசாரணை அலுவலர் துணிந்து எழுதுவார்? இரண்டாவது, சிபாரிசை ஏற்க மறுக்கும் திணைக்களம் குறித்த காலத்துக்குள் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் ஆணைக்குழுவே நீதிமன்றம் போக வேண்டும்.

புறக்கோட்டை வாசகர்: இவ்வளவு அலைந்து என்ன பயன்?

பதில்: 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பின் மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, வெளியேற்றம் நின்றது. அதற்கு முந்தைய நாள் அதே லொட்ஜ்களில் இருந்தவர்கள் யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.