குளிசை தொடங்கியபின் மாதவிடாய் நின்றுவிட்டது

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது. மனநோய்க்கு இரவில் ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் எடுக்கிறாள். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை, மார்பில் பால்போலக் கசிகிறது. கலியாணம் பேசுவதால் அம்மா குளிசையை நிற்பாட்டச் சொல்கிறா. என்ன செய்யலாம்?
– ஒரு அக்கா, சாவகச்சேரி

பதில்: நிற்பாட்ட வேண்டாம். திடீரென விட்டால் குரல்கள் திரும்பலாம். கலியாண நேரத்தில் அதுதான் பெரிய சிக்கல்.

பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் என்ற ஓமோனை மூளையிலுள்ள டொபமின் என்ற இரசாயனம் அடக்கி வைத்திருக்கிறது. ரிஸ்பெரிடோன் டொபமினை மறிப்பதால் குரல்கள் அடங்குகின்றன. அதனாலேயே மூளையின் அடியிலுள்ள கபச்சுரபியில் புரோலக்டினும் ஏறுகிறது. அது ஏறினால் பால் கசியும், சூலகத்தின் வேலை மந்தமாகி மாதவிடாய் நிற்கும். அமிசல்பிரைட், ஹலோபெரிடோல் என்ற மனநோய்க் குளிசைகளும் இப்படித்தான்.

முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. சங்கடமான பேச்சுத்தான், ஆனாலும் மாதவிடாய் நின்ற எவருக்கும் இதுவே முதற்படி, வைத்தியரோடு கோபிக்காதீர்கள். அடுத்து புரோலக்டினுக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். நித்திரையில் புரோலக்டின் கூடும் என்பதால் எழும்பி இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்தே இரத்தம் கொடுக்கட்டும். கசிகிறதா என்று மார்பை அமுக்கிப் பார்ப்பதும் அதைக் கூட்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு பொதுவாக மில்லிலீற்றருக்கு 25 நனோகிராமுக்குள் இருக்கும். ரிஸ்பெரிடோனில் 100ஐத் தாண்டுவது புதினமல்ல. தலையிடியோ பக்கப்பார்வை மங்கலோ இருந்தால் கபச்சுரபிக் கட்டியா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

சத்திக்குக் கடையில் வாங்கும் டொம்பெரிடோனும் இதே வேலையைச் செய்யும். வேறு என்ன குளிசை எடுக்கிறாள் என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

மனநல வைத்தியர் அளவைக் குறைக்கலாம், அல்லது சிறிய அளவில் அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மனநோய்க் குளிசையைச் சேர்க்கலாம். பலருக்கு அதிலேயே புரோலக்டின் இறங்கும். முற்றாக மாற்றுவதென்றால் சில வாரங்களில் படிப்படியாக. ஒலன்சபின் என்ற மனநோய்க் குளிசையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நிறையும் சீனியும் ஏறும். மாதவிடாய் இல்லாமலே வருடக்கணக்கில் விட்டால் எலும்பு தேயும், ஆகவே அடுத்த கிளினிக்கிலேயே சொல்லுங்கள்.

பெண்நோயியல் வைத்தியரிடம் போனால் ரிஸ்பெரிடோன் எடுப்பதை மறைக்காதீர்கள். புரோலக்டினைக் குறைக்க அவர் எழுதக்கூடிய கபர்கோலின், டொபமினைப் போலவே வேலை செய்வது. குரல்களைத் திருப்பிக் கொண்டுவரக்கூடும். இன்னொன்று: மருந்து மாறியதும் முதல் மாதவிடாய்க்கு முன்னரே கருத்தரிக்கலாம். கலியாணமான பிறகு மாற்றுவதானால் குடும்பக்கட்டுப்பாடு பற்றியும் அதே நாளில் கேளுங்கள்.