சைலன்சர் வாங்கப் போகிறீர்களா? – வாங்குவோர் கேள்வி-பதில்

சைலன்சர் பற்றிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாமே காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவை. இந்த முறை அவற்றுக்கே இடம்.

கேள்வி: அப்பா போன வருடம் 350 சிசி புல்லட் வாங்கிக் கொடுத்தார். ஓட்ட நன்றாக இருக்கிறது, ஆனால் தாத்தா வைத்திருந்த பழைய புல்லட்டின் பீட் இதில் இல்லை. ஷார்ட் பாட்டில் சைலன்சர் போடு என்கிறார்கள் நண்பர்கள். இந்தோரிதான் நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? போலீஸ் பிடிப்பார்களா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, பீட் விஷயத்தை முதலில் பார்ப்போம். நீங்கள் கேட்கிற அந்த 'டுப்… டுப்' சைலன்சரில் பிறப்பதில்லை, எஞ்சினில் பிறக்கிறது. தாத்தாவின் வண்டியில் இருந்தது வார்ப்பிரும்பு எஞ்சின், 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கூடவே கனமான ஃப்ளைவீல். ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தை, நிமிடத்துக்கு 700 சுற்று வரை இறக்கி வைத்தால் விநாடிக்கு ஆறு வெடிப்புகூட வராது. காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது 349 சிசி புது எஞ்சின். 72 மில்லிமீட்டர் விட்டம், 85.8 மில்லிமீட்டர் ஓட்டம். உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் அதிர்வை அடக்கிக்கொண்டிருக்கிறது. ஐடிலிங் ஈசியூவின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின்) பொறுப்பு. ஸ்க்ரூவைத் திருப்பி இறக்க முடியாது. ஆயிரம் சுற்றை ஒட்டியே நிற்கும். அதாவது விநாடிக்கு எட்டு வெடிப்புக்கு மேல். எந்தச் சைலன்சரை மாட்டினாலும் இரண்டு வெடிப்புக்கு நடுவில் உள்ள இடைவெளி கூடாது. ஷார்ட் பாட்டிலோ, இந்தோரியோ, கோல்ட் ஸ்டாரோ, பஞ்சாபோ, எதைப் போட்டாலும் புது எஞ்சினின் சத்தம்தான் கொஞ்சம் தடித்தும் உரத்தும் வெளியே வரும். தாத்தாவின் வண்டி வராது. காசு கொடுக்கும் முன் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடையில் என்ன விற்கிறார்கள் என்று பார்ப்போம். கம்பெனிச் சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். புகை அவற்றில் புகுந்து திரும்பி வருவதற்குள் சத்த அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். இன்னொரு வகையில் நடுவில் துளை போட்ட குழாயும் அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும் இருக்கும். பஞ்சு சத்தத்தை உறிஞ்சும். மலிவு விலைக்கு வருகிற பலவற்றில் இந்த இரண்டுமே ஒழுங்காக இருக்காது.

கடையில் சைலன்சரைக் கையில் வாங்கி, பின்வாயில் செல்போன் டார்ச்சை அடித்து முன்வாய் வழியாகப் பாருங்கள். உட்சுவர் வழவழவென்று இருந்தால் அது வெறும் குழாய். துளைகள் தெரிந்தால், அவற்றுக்குப் பின்னால் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்றால் உள்ளே தகடு வெல்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். பஞ்சு வகையிலும் மட்டமான பஞ்சு சூட்டில் பொடிந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாய் வழியே பறந்துவிடும். வாங்கிய அன்று பிடித்திருந்த சத்தம் அப்படியே இருக்காது, நாளாக ஆக வறட்டுச் சத்தமாகிவிடும்.

சட்டம்? ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சி அப்பா பெயரில் இருந்தால் அந்த ஐயாயிரம் அப்பாவின் தலையில் விழும். சத்தத்துக்கும் புகைக்கும் வேறு பிரிவு இருக்கிறது, 190(2). முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

சத்த அளவுக்கும் கணக்கு உண்டு. புது வண்டி ஓடும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 'ரோட்டில் நிற்கிற போலீஸ்காரரிடம் மீட்டர் ஏது?' என்பார்கள். அனுமதியில்லாமல் மாற்றியதற்கு மீட்டர் எதற்கு? சைலன்சரைப் பார்த்தாலே போதும். பல ஊர்களில் பறித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

'ஆர்டிஓ அப்ரூவ்டு' என்று கடைக்காரர் சொன்னால் வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். உங்கள் மாடலுக்கு இந்தச் சைலன்சர் தேறியிருக்கிறது என்ற சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை அமைப்புகள் தருவது அது. அந்த விவரத்தைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 'போலீஸ் புடிச்சா எனக்கு போன் போடுங்க, நான் பேசிக்கிறேன்' என்பதெல்லாம் கேரண்டி ஆகாது. பின்வாயில் திருகி மாட்டுகிற டிபி கில்லரும் அப்படித்தான். அதை மாட்டினால் சத்தம் குறையும், அனுமதி வந்துவிடாது.

என் பேச்சைக் கேட்பதென்றால் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் புஸ்ஸென்று, காற்று கசிவதுபோலக் கேட்டால் பெண்டு பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) எஞ்சினில் சேரும் இடத்து கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஊதினால் நல்ல வண்டியும் ஓட்டைத் தகரம்போலத்தான் பேசும். ஆனாலும் ஆசை விடவில்லை என்றால், வண்டிக் கம்பெனியே ஷோரூமில் உங்கள் மாடலுக்கென்று அங்கீகாரத்தோடு விற்கும் ஆக்சசரி இருக்கிறதா என்று கேளுங்கள். மாட்டினால் வாரண்டி நிற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் க்ளெய்ம் நேரத்தில் சர்வேயர் இதைத்தான் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: பில் இல்லாமல் ஒரு கடையில் சைலன்சர் வாங்கினேன். மூன்றே வாரத்தில் குரோம் தோலுரிகிறது. பெண்டு பைப் நீலமாகிவிட்டது. கேட்டால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டைக் காட்டுகிறார்.
– தேவகோட்டை வாசகர்

பதில்: நீலத்தையும் தோலுரிவதையும் பிரித்துப் பாருங்கள். பெண்டு பைப் நீலமாவது சூட்டினால். ஒற்றைச் சுவர்ப் பைப் என்றால் சீக்கிரம் நிறம் மாறும். கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினாலும் அப்படித்தான். அதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. குரோம் உரிவது வேறு கதை. இரும்பை நன்றாகச் சுத்தம் செய்து, முதலில் நிக்கல் பூச்சுக் கொடுத்து, அதன் மேல் மெல்லிய குரோம் ஏற்ற வேண்டும். அடிப்பூச்சில் கஞ்சத்தனம் பண்ணினால் முதல் மழைக்கே பொத்துவிடும். மின்பூச்சு போன்றவற்றை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற வட்டாரத்தில் நமக்கு இந்தத் தகரம்தான் கிடைக்கிறது!

போர்டுக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, இந்த வாரமே நடவடிக்கை எடுங்கள். ஜிபே, போன்பே எதில் பணம் கட்டியிருந்தாலும் அந்த ரசீது வாங்கியதற்குச் சாட்சி. குரோம் உரிந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். என்ன குறை, என்ன வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஒன்று மட்டும். குறையுள்ள பொருள் என்று கேட்கலாம். அனுமதியில்லாத பொருளைத் தெரிந்தே வாங்கினீர்களா என்று எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்கும், தயாராகப் போங்கள்.

கேள்வி: என் 150 சிசி பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டிக்கு ஆன்லைனில் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற சைலன்சர் வாங்கி மாட்டினேன். த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) விட்டால் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. மைலேஜ் குறைந்தது. எஞ்சின் லைட் எரிகிறது. பழைய சைலன்சரை மாட்டிய கடையிலேயே 'எக்ஸ்சேஞ்ச்' என்று கொடுத்துவிட்டேன்.
– புதுவயல் வாசகர்

பதில்: கடைசி வரிதான் வயிற்றைக் கலக்குகிறது. பிஎஸ்6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சரோடு அல்லது பெண்டு பைப்போடு சேர்ந்தே வரும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். பழைய சாமானுக்கு ஏன் அவ்வளவு ஆசையாக விலையில் கழித்துத் தந்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். இன்றைக்கே போய்த் திரும்பக் கேளுங்கள், ஐநூறு ஆயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஷோரூமில் புதிதாக வாங்குவது அதைவிடப் பல மடங்கு வலிக்கும்.

வெடிப்பு எதனால்? த்ராட்டிலை மூடும்போது எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி சூடான பைப்பில் காற்றோடு சேர்ந்து பற்றுகிறது. இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இன்னும் வெடிக்கும். 'எல்லா வண்டிக்கும்' என்று விற்பது எந்த வண்டிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை, நடுவில் ஒரு கிளாம்ப்பைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். லைட் எரிவது பெரும்பாலும் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் விவகாரம். மாட்டும்போது வயரை இழுத்திருப்பார்கள், அல்லது கசிந்து வரும் காற்றைப் பார்த்து அது தப்புக் கணக்குச் சொல்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் போன வழி அதுதான். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றிச் சரிக்கட்டுவார்கள், இங்கே அந்த வேலை நடக்காது. 'பொல்யூஷன் சர்டிபிகேட் வாங்கிட்டேனே' என்று நினைக்க வேண்டாம். அங்கே புகையைத்தான் அளக்கிறார்கள், சத்தத்தை அல்ல.

விற்ற தளத்தில் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 'பொருந்தும்' என்று போட்டிருந்த அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் பையன்கள் சைலன்சரை மாற்றிப் பட்டாசு மாதிரி வெடிக்கிற வண்டியில் போகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இருதய நோய். யாரிடம் சொல்வது?
– கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்

பதில்: ஆச்சி, உங்கள் ஊர்த் தெருக்களில் இரண்டு பக்கமும் நீளமான உயர்ந்த சுவர்கள். சத்தம் சிதறிப்போக வழியில்லாமல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் மோதிக்கொண்டே வரும். பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் யாரும் தட்டிக் கேட்பதுமில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரையறை. வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பலாம். சத்தம் வந்த அந்த நேரத்தில் 100-க்கு போன் செய்வதும் பலன் தரும். அதற்கு முன்னால், பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் அவன் அப்பச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஆர்சி அவர் பெயரில் இருந்தால் அந்த வார்த்தையே போதும்.

கேள்வி: தொண்ணூறுகளின் மாடல் புல்லட் ஒன்று விலைக்கு வருகிறது. ஒரிஜினல் சைலன்சர் இல்லை, மெகாஃபோன் (பின்வாய் அகன்ற சைலன்சர்) போட்டிருக்கிறார்கள். பீட் அபாரம். வாங்கலாமா?
– பொன்னமராவதி வாசகர்

பதில்: பீட்டைக் கேட்டு விலை பேசாதீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓவிடம் காட்ட வேண்டும். அங்கே மெகாஃபோனோடு போனால் திருப்பி அனுப்பலாம். அதனால் முதலில் ஆர்சி எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் துணியால் துடைத்து ஆர்சியோடு ஒத்துப் பாருங்கள். பிறகு அந்த மாடலுக்குரிய நல்ல சைலன்சர் என்ன விலை என்று விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.

விற்பவர் பீட்டுக்காக ஐடிலிங்கை ரொம்ப இறக்கி வைத்திருப்பார். பழைய புல்லட்டின் ஆயில் பம்ப் எஞ்சின் சுற்றுக்கு ஏற்பத்தான் வேலை செய்யும். சுற்று மெதுவானால் மேலே வால்வைத் தள்ளும் ராக்கருக்குப் போகும் ஆயிலும் குறையும். அதனால் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ராக்கர் பக்கம் காது வையுங்கள். 'டிக் டிக்' என்று தனியாகக் கேட்டாலோ, த்ராட்டிலைத் திருக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தாலோ, பேசிய விலையில் எஞ்சின் வேலைக்கும் சேர்த்துக் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்கவில்லை என்றால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள், பழைய புல்லட் நம் பக்கம் இன்னும் கிடைக்கிறது.