பரிசும் இல்லை, பணமும் இல்லை. பிறகு ஏன் சாதாரண ஆட்கள் நாள்கணக்கில் மலையேற்றத்தில் சைக்கிள் மிதிக்கிறார்கள்?

இதே கேள்வியை என் மனைவியும் கேட்டாள். "மாடிக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னால் முட்டி வலி என்பீர்கள். இமயமலையில் மணாலியிலிருந்து லேவுக்கு மிதித்தால் மட்டும் வலிக்காதா?" வலித்தது. எனக்கு 44 வயது, கணக்கு எழுதும் வேலை. பந்தயத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இயற்கை அழகைப் பார்க்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்றத்தில் கண்ணுக்குத் தெரிவது முன்சக்கரமும் அதற்கு அப்பால் இரண்டடி ரோடும்தான். அழகுக்கு பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை போதும்.

பாதிக் காரணம் வீம்பு. ஒருநாள் ஏற்றத்துக்கு அதுவே போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அப்படித்தான் ஏறினேன். உச்சியில் ஒரு புகைப்படம், இறங்கி வந்து வயிறு நிறையச் சோறு, மறுநாள் முழுக்கத் தூக்கம்.

பல நாள் பயணத்தில் அந்த மறுநாள்தான் சிக்கல். 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயையும் வீம்பிலேயே ஏறிவிட்டேன். அடுத்த நாள் காலை ஷூ மாட்டக் குனிய முடியவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணில் நீர் வந்தது. முன்னால் பாரலாச்சா, நக்கீ, லாச்சுலுங், தங்லங் என்று இன்னும் நான்கு கணவாய்கள். நான்குமே ரோதாங்கைவிட உயரம். கையிருப்பில் இருந்த வீம்பெல்லாம் முதல் நாளே தீர்ந்திருந்தது.

வழியில் சர்ச்சு என்ற இடத்தில், கூடாரத்தில் இரவெல்லாம் தலைவலி. எங்களில் ஒருவர் அங்கிருந்தே ஜீப் பிடித்துக் கீழே இறங்கினார். சரியான முடிவு, உயரத்தில் வரும் தலைவலியோடு யாரும் விளையாடக் கூடாது. எனக்கு விடியும்போது தெளிந்துவிட்டது. மெதுவாக ஏறினால் உடம்பு தானே பழகிக்கொள்ளும்: மூச்சு ஆழமாகும், சிறுநீரகம் இரத்தத்தின் கார அளவைச் சரிசெய்யும். நடுக்கும் குளிரில் நாலு தடவை வெளியே ஓட வைப்பதும் இந்தப் பழக்கம்தான்.

சர்ச்சுவைத் தாண்டினால் கட்டா லூப்ஸ், 21 வளைவுகள். தாகத்தில் செத்துப்போன லாரி கிளீனரின் ஆவிக்கென்று வழிப்போக்கர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போகும் இடம் அங்கே இருக்கிறது. எத்தனையாவது வளைவு என்று நினைவில்லை, ஒரு இடத்தில் கவனித்தேன்: கியரைக் குறைக்கலாமா என்று யோசிப்பதற்குள் விரல் குறைத்திருந்தது. இரண்டு மிதிக்கு ஒரு மூச்சு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. தொடை வலித்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதுபோல் எங்கோ வலித்தது. இருபது வருடமாக நாற்காலியில் நான் சுமந்துகொண்டிருந்த உடம்பா இது என்று சிரிப்பே வந்துவிட்டது.

என்னளவில் காரணம் அதுதான், யோசிக்கும் முன்பே உடம்பு தானாக இயங்கும் அந்த நிலை. ஒருநாள் ஏற்றத்தில் அது வராது. மூன்று நான்கு நாள் மிதித்துக் களைத்த பிறகுதான் வரும். வீட்டுக்குத் திரும்பிய பத்து நாளில் போயும்விடும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 5,328 மீட்டர் தங்லங் கணவாயில் கடைசி இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் அங்கே காற்றழுத்தம்.

அடுத்த ஆண்டு ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போவதாகப் பேச்சு. மாடிப்படியில் முட்டி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. அதை மனைவியிடம் சொல்லத்தான் துணிவில்லை.